ரெண்டாவது மிதிக்குப் பிடிச்ச பிரேக்

1

திருச்சி, ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் ஜனங்களுக்கு, மலேயா ஈப்போவிலேருந்து ஒரு மெக்கானிக் எழுதறேன். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. ஸ்பேனர் புடிச்சுப் பழகின கை, பேனாவையும் முறுக்கித்தான் புடிக்குது.

கடல் தாண்டிப் போனவன் எழுதினா அங்க மழை எப்படி, சோறு எப்படி, ஜனங்க எப்படின்னு எழுதுவான்னு பாப்பீங்க. அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க. நான் எழுதப்போறது பழைய பிக்கப் வண்டி பாத்து வாங்கறதைப் பத்தி. எனக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான். அதையும் ஒரு நாள், அதுவும் சொந்தத் தங்கச்சி வீட்டுக்கு, ஒழுங்காச் செய்யலை. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அமிர்தத்துகிட்டேருந்து கடுதாசி வந்துச்சு. அமிர்தம் என் ஒரே தங்கச்சி. அம்மாமண்டபம் ரோடு பக்கம் வீடு. வாழைத்தார் வியாபாரம். கல்யாணமாகி மூணாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் கடுதாசி போடுவேன். 'நலம். கோமதி நன்றாகப் படிக்கிறாள்'னு ரெண்டு வரியில பதில் வரும். கோமதி அவ மக. இந்தத் தடவை என்னடான்னா நீலத்தாள் ரெண்டு பக்கமும் ரொம்பி வழிஞ்சுது.

"அண்ணே, இத்தனை நாளும் வாடகை வண்டியிலதான் தார் ஏத்தி காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன். அவனுங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் போக முடியலை. சொந்தமா ஒரு பழைய பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன். பாலக்கரையில ஒரு ஷெட்டுல ஒண்ணு நிக்குது. என்னென்ன பாக்கணும்னு வெவரமா எழுதுங்க. இங்க மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனா உங்களை மாதிரி நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாக்கறவங்க யார் இருக்காங்க? அன்னிக்கும் பாத்துத்தானே குடுத்தீங்க. அன்னிக்கு நடந்ததுக்கு வண்டியும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை. என் கை ராசி அப்படி. அதனால தயங்காம எழுதுங்க."

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒக்காந்தவன் அப்படியே எழுந்துட்டேன். என் சம்சாரம், "என்னங்க, ஊர்ல யாருக்கு என்ன?"ன்னு பதறிப்போச்சு. "ஒண்ணுமில்லை, அமிர்தம் வண்டி வாங்கறா"ன்னேன். சந்தோஷமான சேதிதானே, இதுக்கு ஏன் இந்த மனுஷன் முகம் இப்படிப் போச்சுன்னு அதுக்குப் புரியலை.

2

இங்க என் பொழப்பைக் கொஞ்சம் சொல்லிடறேன். ஈப்போவைச் சுத்தி ஈயச் சுரங்கம். சுரங்கத்துல ஓடி ஓடி ஓஞ்ச பிக்கப்புகளுக்குச் சாயம் பூசி, சீட்டுக்கு உறை மாட்டி விக்கறாங்க. வாங்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஓட்டிக்கிட்டு வருவாங்க. சனிக்கிழமை காலையில அஞ்சாறு வண்டி நிக்கும். நான் இன்ஜின் பக்கமே மொதல்ல போகமாட்டேன். ஜாக்கியை எடுத்துக்கிட்டு நேரா சக்கரத்துக்குப் போவேன். நாலையும் கழட்டினாத்தான் வண்டியைப் பத்தி வாயைத் திறப்பேன். ஒருத்தர் "மூணு பாத்தாச்சே, போதாதா?"ன்னு கேட்டதுக்கு வள்ளுனு விழுந்துட்டேன். பாவம், அவர் பள்ளிக்கூட வாத்தியார்.

சுரங்கத்து வண்டின்னா சக்கரத்து பிரேக் டிரம்முக்குள்ள மணல் இருக்கும். சன்னமான மணல். பிரேக் போடும்போதெல்லாம் அது டிரம்மைப் புடிச்சு நிறுத்தற லைனிங்கை அரைக்கும், உள்ள இருக்கற ரப்பரையும் கிழிக்கும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. பளபளன்னு மின்னும்.

பிரஜா உரிமைக்கு நான் மனு போட்ட கதை ஒண்ணு இருக்கு. மலாய் பேசத் தெரியுதான்னு பரீட்சை வைப்பாங்க. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, பக்கத்துல ஒரு கிராணி, நம்ம ஊர்ல குமாஸ்தாம்போம். என்ன வேலை செய்யறேன்னு கேட்டார். வண்டிக்கு பிரேக் மாத்தித் தர்றவன்னு சொல்லணும். பதட்டத்துல பாதி மலாய், பாதி தமிழாப் போய், "பிரேக் மாத்தி... பிரேக் மாத்தி..."ன்னு இழுத்தேன். மலாய்ல 'மாத்தி'ன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதிகாரி நாற்காலியில சாஞ்சு, "பிரேக் செத்துப்போச்சா? அப்ப உன்கிட்ட யார் வண்டியை விடுவான்?"னு சிரிச்சார். வரிசையில நின்னவங்களும் சிரிச்சாங்க. எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. அதுக்கப்புறம் கேட்ட ஒரு கேள்விக்கும் வாய் வரலை. இன்னிக்கும் என்கிட்ட இருக்கறது வெளியாளுக்குக் குடுக்கற சிவப்பு அட்டைதான்.

என் மகன் குமாருக்கு இந்தக் கதைன்னா உயிர். சினேகிதப் பசங்க வந்தா மலாய்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவனுக்கு இங்கிலீஷ் வருது, மலாய் வருது, சந்தைச் சீனம் கூட வருது. தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டித்தான். அமிர்தத்தோட கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது யாரு பா?"ன்னான். "உன் அத்தைடா"ன்னேன். "உங்களுக்குத் தங்கச்சி இருக்கா? ஃபாரத்துல இல்லைன்னுதானே போட்டிருக்கு?"ன்னு கேட்டான்.

அவன் கேட்டது நியாயந்தான். அந்தச் சிவப்பு அட்டைக்கு மனு எழுதும்போது, இந்தியாவுல நெருங்கின சொந்தம் யார்னு ஒரு இடம் இருந்துச்சு. கிராணி தமிழர்தான். "எழுதட்டுமா, யாராச்சும் இருக்காங்களா?"ன்னார். "யாருமில்லை"ன்னுட்டேன். பேரைக் குடுத்தா ஊருக்கு எழுதிக் கேப்பாங்களோ, பழசெல்லாம் கிளறுவாங்களோன்னு பயம். கூடப் பொறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

3

சுதந்திரம் வந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். அப்ப நான் திருச்சியில ஒரு ஷெட்டுல வேலை பாத்தேன். யுத்தம் முடிஞ்சு மிலிட்டரிக்காரங்க கழிச்சுவிட்ட வண்டிங்க ஊரெல்லாம் ஓடிக்கிட்டிருந்த காலம். அமிர்தத்தோட புருஷன் தர்மலிங்கம், எனக்கு மாப்பிள்ளை, அப்படி ஒரு பிக்கப்பைக் கொள்ளிடத்துல மணல் அள்ளின ஒருத்தர்கிட்டேருந்து பேசி முடிச்சிருந்தார். மாட்டு வண்டியில தார் போய்ச் சேர்றதுக்குள்ள கன்னிப்போயிடுது, வண்டி வந்தா விடியறதுக்குள்ள மார்க்கெட்ல இறக்கலாம்னு அவருக்கு ஆசை. ஆறு மாசமா அதே பேச்சு. சாப்பிட்டுக்கிட்டே ஸ்டீரிங் திருப்புவாருன்னு அமிர்தம் கேலி பண்ணும்.

"மச்சான், நீங்க பாத்து சரின்னா சரி. வேண்டாம்னா விட்டுடறேன்"னார். அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலையில வண்டி ஷெட்டுக்கு வந்துச்சு. இன்ஜின் சத்தம் அருமை. புகை இல்லை. கியர் வெண்ணெயா விழுந்துச்சு. பிரேக்கை மிதிச்சேன். மொத மிதிக்குப் பெடல் கீழ போச்சு. ரெண்டாவது மிதிக்குப் பிடிச்சுது.

தொழில் தெரிஞ்சவனுக்கு அது ஒண்ணே போதும். எங்கியோ பிரேக் ஆயில் கசியுது, இல்லைன்னா லைனிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்தக் காலத்து வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் ஓட்டம். ஒரு சக்கரத்துல கசிஞ்சா நாலுக்கும் பிரேக் இருக்காது. நான் சக்கரங்களைக் கழட்ட ஆரம்பிச்சேன். முன்னாடி ரெண்டும் பாத்தேன், சுத்தம். பின்னாடி வலது பக்கம் பாத்தேன், கொஞ்சம் மணல், தொடைச்சு மாட்டினேன். பின்னாடி இடது பக்கம் நட்டு ஒண்ணு துரு ஏறி அசையவே மாட்டேன்னுது. மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவிட்டேன்.

அதுக்குள்ள ஜட்கா வந்து நின்னுச்சு. மாப்பிள்ளையோட அம்மா, அமிர்தம், அமிர்தத்தோட இடுப்புல கோமதி. தாம்பாளத்துல சந்தனம், குங்குமம், மாலை, நாலு எலுமிச்சம்பழம். ராகு காலம் பத்தரைக்கு. அதுக்கு முன்னாடி வண்டி கிளம்பி சமயபுரம் போகணும்னு ஏற்பாடு. அந்த அம்மா வந்த வேகத்துல வண்டி நெத்தியில பொட்டை வச்சுட்டாங்க. அமிர்தம் குழந்தையை என்கிட்ட குடுத்துட்டு, குனிஞ்சு நாலு சக்கரத்துக்கும் பழத்தை வச்சா.

"அத்தை, இன்னும் ஒரு சக்கரம் பாக்கி இருக்கு. ஒரு அரை மணி நேரம் குடுங்க"ன்னேன்.

"என்னப்பா இது! பொட்டு வச்சு, பழமும் வச்சாச்சு. இனிமே இரும்பைப் போட்டுத் தூக்குவியா? அபசகுனம் புடிச்ச மாதிரி. எல்லாம் ஆத்தா பாத்துக்குவா."

மாப்பிள்ளை ஸ்டீரிங் முன்னாடி ஒக்காந்து என்னைப் பாத்தார். அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. "என்ன மச்சான், போலாமா?"ன்னார்.

வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அந்த அம்மா கத்தியிருக்கும், மாப்பிள்ளை முகம் சுண்டியிருக்கும், ராகு காலம் முடிஞ்சு பன்னெண்டு மணிக்குப் போயிருப்பாங்க. அவ்வளவுதானே. ஆனா நான், "நாளைக்குக் கழட்டிப் பாத்துக்கலாம், போங்க மாப்பிள்ளை. பிரேக்கை ரெண்டு தடவை மிதிங்க"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

வண்டி நகந்துச்சு. மூணு பழம் நசுங்கிச்சு. நாலாவது, பின்னாடி இடது பக்கத்துப் பழம், நசுங்காம வழுக்கி ஓடிப்போச்சு. அந்த அம்மா அதைப் பாத்துட்டு அமிர்தத்தை ஒரு மாதிரி பாத்தாங்க. அம்மன் முன்னாடி நிறுத்தி எடுக்கற வரைக்கும் பொம்பளைங்க ஏறக்கூடாதுன்னு அவங்க சட்டம். அதனால ரெண்டு பேரும் பஸ்ல வர்றதா இருந்துச்சு. மாப்பிள்ளை தனியாத்தான் போனார்.

கொள்ளிடம் பாலம் தாண்டி டோல்கேட்டுக்கு முன்னாடி, ரோட்டுக்குக் குறுக்க ஒரு வைக்கோல் வண்டி. மேல ரெண்டு சின்னப் புள்ளைங்க. "ஆரன் அடிச்சுக்கிட்டே வந்தாருங்க, வண்டி நிக்கலைங்க, எங்களைப் பாத்ததும் புளியமரத்துப் பக்கம் ஒடிச்சுட்டாருங்க"ன்னு வண்டிக்காரர் சொல்லிச் சொல்லி அழுதார். ரெண்டாவது மிதிக்கு எங்க நேரம் இருந்துச்சு.

4

வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்தாங்க. மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல அந்த நட்டை நான் கழட்டினேன். மண்ணெண்ணெயில ஊறினது, ஒரே இழுப்புல வந்துடுச்சு. உள்ள கொள்ளிடத்து மணல் ஆயிலோட சேந்து களியா அப்பியிருந்துச்சு. சிலிண்டர் ரப்பர் கிழிஞ்சு தொங்குச்சு. லைனிங் தேஞ்சு ரிவெட்டு வெளிய தெரிஞ்சுது.  அப்புறம் திரும்ப மாட்டிட்டேன். நட்டை எல்லாம் இறுக்கினேன். கை தானா செஞ்சுது.

ரெண்டு நாள் கழிச்சு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். முன்பக்கம் நொறுங்கி பைப்பெல்லாம் அறுந்து கெடந்ததால பிரேக் மோதினதுல போச்சா, மோதறதுக்கு முன்னாடியே போச்சான்னு அவரால சொல்ல முடியலை. "நீதானே பாத்துக் குடுத்தே? நாலு சக்கரமும் பாத்தியா?"ன்னு கேட்டார்.

"பாத்தேன் சார்."

அதை எழுதிக்கிட்டார். அமிர்தம் அங்க இல்லை, ஆனா சேதி வீட்டுக்குப் போயிடுச்சு. அண்ணன் நாலும் பாத்துத்தான் குடுத்தாரு, வண்டி மேல குத்தமில்லைன்னு. அப்ப குத்தம் யார் மேல? யாரோ ஒருத்தர் மேல வரணுமே.

கருமாதி அன்னிக்குப் பந்தல் நிறைய ஜனம். அந்த அம்மா தலைவிரி கோலமா ஒக்காந்து மாரடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "நாலு பழத்துல மூணு நசுங்கிச்சு. ஒண்ணு நசுங்கலையே! இவ வச்ச பழம்டியம்மா! இவ கை விளங்காத கை, என் புள்ளையைத் தின்ன கை!" அமிர்தம் மூலையில சுவத்தைப் பாத்து ஒக்காந்திருந்தா. தலை நிமிரவே இல்லை. நான் பந்தல் காலைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். "அத்தை, அந்தச் சக்கரத்தை நான் பாக்கலை"ன்னு சொல்ல ஒரு மூச்சு போதும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஜெயில்னு ஒரு பயம், ஷெட்டுல மானம் போயிடும்னு ஒரு பயம். விழுங்கிட்டேன். நாலாம் மாசம் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறிட்டேன்.

ஏறும்போது அமிர்தம் வழியனுப்ப வரலை. அவளை எங்கியும் கூட்டிக்கிட்டுப் போறது இல்லைன்னு சொன்னாங்க. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு எதுக்கும் அவ வாசல் படியைக்கூட மிதிக்கக்கூடாதாம். புருஷன் போனவளுக்கு ஊர்ல செய்யற கொடுமை பாதி, கை ராசி கெட்டவள்னு செய்யற கொடுமை மீதி. அந்த மீதி என்னால வந்துச்சு.

5

இப்ப கடுதாசிக்குப் பதில் எழுதணுமே. எழுத ஒக்காந்தா மத்ததெல்லாம் கடகடன்னு வருது.

அமிர்தம், வண்டி பாக்க காலங்காத்தால போ, நீ வர்றேன்னு முன்கூட்டிச் சொல்லாத. இன்ஜின் சில்லுனு இருக்கணும். சூடா இருந்தா உனக்காக முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம். கிளப்பினதும் நீலப் புகை வந்தா ஆயிலைக் குடிக்குது, வேண்டாம். வெள்ளைப் புகை நிக்காம வந்தா உள்ள தண்ணி இறங்குது, அதுவும் வேண்டாம். கியர்ப் பெட்டி சத்தமே இல்லாம இருந்தா சந்தோஷப்படாத, ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாக்கச் சொல்லு. மரத்தூளைப் போட்டு ஊமையாக்கி வச்சிருப்பானுங்க. அடியில படுத்துப் பாக்க ஆள் வை. வண்டியைத் தாங்கற இரும்புச் சட்டத்துல புதுச் சாயம் ஒரு இடத்துல மட்டும் இருந்தா, அங்க விரிசலை மூடியிருக்கு. டயர் ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அந்த வண்டி எங்கியோ நல்லா மோதியிருக்கு. வாழைத்தார் ஏத்தறவளுக்குப் பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை முக்கியம். எண்ணிப் பாரு, ஒடஞ்சதை வச்சு ஒப்பேத்தியிருக்கானான்னு பாரு.

இப்படி மூணு தாள் போயிடுச்சு. பிரேக்குன்னு எழுதி ஒரு கோடு போட்டேன். அதுக்குக் கீழ ஒண்ணும் வரலை. அஞ்சு நாள் அந்தத் தாள் மேஜை மேல கெடந்துச்சு. பிரேக்கைப் பத்தி எழுதாம அனுப்பினா இன்னொரு தடவை அதே பாவம். எழுதினா, 'மொத மிதிக்குப் பிடிக்காத வண்டியைத் தொடாதே'ன்னு எழுதணும். அப்படி எழுதறவன் அன்னிக்கு என்ன செஞ்சான்னும் எழுதணும்.

குமார்தான் வந்து நின்னான். "ஏன் பா அழறீங்க?"ன்னான். சொன்னேன். பாதி தமிழ், பாதி அவன் பாஷை. முழுசாக் கேட்டான். இந்தப் பயலுக்கு ஊர் தெரியாது, ராகு காலம் தெரியாது, பந்தல் தெரியாது. அவனுக்கு ஒண்ணுதான் புரிஞ்சுது. "அப்போ அத்தை இவ்வளவு நாளா சும்மா திட்டு வாங்கறாங்க. நீங்க சொல்லியிருக்கணும்லா"ன்னான். கோபமாச் சொல்லலை. அதுக்கப்புறம் 'பிரேக் மாத்தி' கதையை அவன் யாருக்கும் சொல்லி நான் கேக்கலை.

எழுதினேன். ஒண்ணு விடாம எழுதினேன். மன்னிச்சுடுன்னு மட்டும் எழுதலை. அதைக் கேக்க எனக்கு வாயில்லை.

6

போன வாரம் பதில் வந்துச்சு.

"அண்ணே, கடுதாசி கெடச்சுது. மூணு தரம் படிச்சேன். நீங்க சொன்ன மாதிரி நாலு சக்கரத்தையும் கழட்டச் சொன்னேன். ஷெட்டுக்காரர் நாளைக்குப் பாத்துக்கலாம்மான்னார். இன்னிக்கேன்னு சொல்லி ஸ்டூலைப் போட்டு ஒக்காந்துட்டேன். ஒரு சக்கரத்துல ஆயில் கசிஞ்சிருந்துச்சு. அந்த வண்டி வேண்டாம்னு வந்துட்டேன். வேற பாக்கறேன்.

"என் மாமியார் போன ஆடியில தவறிட்டாங்க. உங்களுக்கு எழுதலை. ரொம்ப நாள் படுத்த படுக்கை. எல்லாம் நான்தான் செஞ்சேன். கழுவி விடுவேன், துணி மாத்துவேன். அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வாயில தண்ணி ஊத்தப்போனா மட்டும் பல்லை இறுக்கிக்குவாங்க. என் கையால தண்ணி வாங்கினா நல்ல கதி கெடைக்காதாம். கோமதி பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும் நாக்கு வறண்டு கெடப்பாங்க.  கடைசி அன்னிக்கு கோமதிக்குப் பரீட்சை. அவ வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. பக்கத்துல சொம்போட நான் நின்னுக்கிட்டிருந்தேன்.

"இந்தக் கடுதாசியை நீங்க ஒரு வருஷம் முன்னாடி போட்டிருந்தா அவங்க காதுல படிச்சிருப்பேன். குடிச்சிருப்பாங்களோ என்னவோ. இத்தனை வருஷமா நானே என் கையைப் பாத்துப் பாத்து பயந்திருக்கேன் அண்ணே. கோமதிக்குத் தலை பின்னும்போதுகூட. எனக்கு மட்டும் எழுதி என்ன செய்ய? அன்னிக்குப் பந்தல்ல அத்தனை ஜனம் இருந்துச்சு. அவங்களுக்கு எழுதுங்க."

அவ்வளவுதான். நலம் விசாரிக்கலை, கையெழுத்துக்கு மேல 'அன்புத் தங்கை'ன்னு போடலை. போடவேண்டியதும் இல்லை.

அதனாலதான் இதை ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பறேன். அந்தப் பந்தல்ல இருந்தவங்களே, உங்கள்ல பாதிப் பேராவது இன்னும் இருப்பீங்க. பின்னாடி இடது சக்கரத்தை நான் பாக்கலை. பாத்தேன்னு பொய் சொன்னேன். என் தங்கச்சி கையில ஒரு குத்தமும் இல்லை. அம்மாமண்டபம் ரோட்டுல வாழைத்தார் அமிர்தம் வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நில்லுங்க. வெயிலா இருக்கு, ஒரு சொம்பு தண்ணி குடும்மான்னு கேட்டு, அவ கையால வாங்கிக் குடிங்க.